மதிலுக்கு வெளியே ஓர் ஊர்
பூநகரிக் கோட்டையிலிருந்து சோனகர் தெரு வரை

"பூநகரிக் கோட்டையைப் பார்க்கப் போகிறோம்" என்று சொன்னால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. உயர்ந்த கோபுரமோ, நுழைவுச்சீட்டு விற்கும் அறையோ, வழிகாட்டியோ அங்கே கிடையாது. முருகைக்கல்லால் கட்டிய சில சுவர்களும், அவற்றைச் சுற்றிப் பற்றைகளும், கடல் பக்கமிருந்து ஓயாமல் வீசும் உப்புக் காற்றும்தான் இருக்கின்றன. ஆனாலும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்லலாம் என்று யோசிக்கும் சகோதரிகளுக்கு இந்த இடத்தை நான் சிபாரிசு செய்வேன். குறிப்பாக வடக்கை வேராகக் கொண்டு, புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு.

கோட்டை என்றவுடன் நம்மில் பலருக்கு இப்போது ஜப்பான் ஞாபகம் வருகிறது. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகள் அனுப்பும் படங்கள்தான் அதற்குக் காரணம். ஹிமேஜி என்ற ஊரில் வெள்ளைக் கொக்கு சிறகு விரித்தது போல நிற்கும் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிரதான மாடம் 1609இல் கட்டி முடிக்கப்பட்டது. 1993இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த நாட்டில் பிரபுக்கள் கோட்டையைக் கட்டும்போதே அதைச் சுற்றி ஒரு நகரத்தையும் திட்டமிட்டுக் கட்டினார்கள். கோட்டையை ஒட்டிப் போர்வீரர்களின் வீடுகள் இருந்தன. அதற்கு அப்பால் வணிகர் தெரு, தச்சர் தெரு, கொல்லர் தெரு, சாயம் போடுவோர் தெரு. இந்த அமைப்பைக் "கோட்டையடி நகரம்" என்ற பொருளில் ஜோகமாச்சி என்கிறார்கள். 1615இல் ஒரு பிரபுவின் ஆட்சிப் பகுதிக்கு ஒரு கோட்டைதான் என்று சட்டம் வந்து, மற்றவை இடிக்கப்பட்டன. 1873இல் புதிய அரசாங்கமும் பல கோட்டைகளை இடிக்க உத்தரவிட்டது. எஞ்சியவற்றில் பல உலகப் போரில் எரிந்தன. ஹிரோஷிமா கோட்டை 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டில் விழுந்து, 1958இல் கொங்கிரீட்டில் மீண்டும் எழுந்தது. பழைய மாடம் அப்படியே நிற்கும் கோட்டைகள் இன்று அங்கே 12 மட்டும்தான்.

(ஹிமேஜிக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள கோபே நகரத்துப் பள்ளிவாசலையும் பார்க்கலாம். 1935இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளி, 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் பூமியதிர்ச்சியையும் தாங்கி நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!)

நம் வடபுலத்திலும் கோட்டையடி நகரம் ஒன்று உண்டு. கோட்டை இருந்தும் நகரம் வளராத ஊர் ஒன்றும் உண்டு. இரண்டாவதிலிருந்தே தொடங்குவோம்.

கோட்டை இல்லாத கிளிநொச்சி

ஏ9 வீதியில் வவுனியா தாண்டி வடக்கே போனால் கிளிநொச்சி வரும். அதன் பெயரைக் கேட்டாலே போர்தான் நினைவுக்கு வரும் அளவுக்கு அது அடிபட்ட ஊர். ஆனால் அந்த நகரம் அப்படியொன்றும் பழையதல்ல. யாழ்ப்பாணத்தில் நிலமும் வேலையும் போதாமல் தவித்த குடும்பங்களுக்கு 1930களில் இங்கே காடு வெட்டிக் காணி கொடுத்தார்கள். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை நம்பி வளர்ந்த குடியேற்ற ஊர் அது. 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஒல்லாந்தர் கோட்டை எதுவும் அந்த நகரத்தில் இல்லை. போர்க் காலத்தில் நகரமே கோட்டையாக நடத்தப்பட்டது என்பது வேறு கதை. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் உள்ளே நுழைந்தபோது வெறும் சுவர்களே வரவேற்றன. சாய்ந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைப் பல ஆண்டுகள் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் பார்த்துப் படம் பிடித்துச் சென்றார்கள்.

நமக்கு இந்த ஊர் இன்னொரு விதத்திலும் முக்கியமானது. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை ஓர் அரசியல் தவறு என்று விடுதலைப் புலிகள் தரப்பு பகிரங்கமாக ஏற்றது 2002 ஏப்ரலில், இதே கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில்தான். அதே மாதத்தில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் சந்தித்து, முஸ்லிம்கள் ஊர் திரும்புவது பற்றி ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார்கள். கையொப்பம் காய்வதற்குள் போர் திரும்பவும் வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிளிநொச்சிக்குச் சற்று வடக்கே பரந்தன் சந்தி. போருக்கு முன் அங்கே ஒரு பெரிய இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அந்தச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் வீதி மேற்கே பூநகரிக்குப் போகிறது. இரு பக்கமும் வயல், பனை, மீண்டும் வயல். மாரி காலத்தில் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி. கோடையில் போனால் வாகனத்துக்குள்ளும் புழுதி.

நான்கு சுவர், இரண்டு கொத்தளம்

பூநகரிக் கோட்டையை முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களுக்குத் தெற்கே வன்னிப் பக்கமிருந்து யாரும் வந்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. கடல்நீரேரியின் இந்தக் கரையில் காவல் வேண்டியிருந்தது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு அது மாறியது. 1770இல் அவர்கள் அதைப் பெருப்பித்தார்கள். சதுர வடிவம். ஒரு பக்கச் சுவர் ஏறக்குறைய 30 மீற்றர் மட்டுமே. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள். அவ்வளவுதான் கோட்டை. நம் ஊர்ப் பாடசாலை விளையாட்டு மைதானத்தில் இதைப் போல ஐந்தாறை வைக்கலாம். 1805இல் ஆங்கிலேயர் உள்ளே ஒரு வாடிவீடு கட்டிப் பயணிகள் தங்க வைத்தார்கள். பீரங்கி வைத்த இடத்தில் துரைமார் தேநீர் குடித்தார்கள்.

பின்னர் மீண்டும் துப்பாக்கி வந்தது. 1993 நவம்பரில் பூநகரிப் படைமுகாம் மீது நடந்த தாக்குதலில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2008 நவம்பரில் இராணுவம் ஊரைத் திரும்பப் பிடித்தது. இத்தனைக்கும் நடுவில் முருகைக்கற் சுவர் கொஞ்சமாவது நிற்பதே அதிசயம்.

இந்தச் சிறிய கோட்டையைச் சுற்றி ஏன் ஒரு நகரம் வளரவில்லை? நிலத்தடி நீர் உப்பு என்பது ஒரு காரணம். இன்றைக்கும் பூநகரிப் பெண்களின் பெரிய கவலை குடிதண்ணீர்தான். குடத்தோடும் கானோடும் பவுசர் வரும் வழியைப் பார்த்து நிற்பதன் கஷ்டம், புத்தளம் முகாம்களில் வாழ்ந்த நம் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இது தங்கும் இடமாக அல்ல, கடக்கும் இடமாகவே இருந்தது. கரையில் நின்று யார் போகிறார், என்ன கொண்டு போகிறார் என்று பார்ப்பதற்குத்தான் கோட்டை. குடியிருக்க வேண்டியவர்கள் நீரேரியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள்.

ஆனால் ஊர் பழையது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரித் தொல்பொருளாய்வு பற்றி 1993இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் மக்கள் வாழ்ந்ததற்கான மட்பாண்டங்களையும் நாணயங்களையும் அவர் தேடி எடுத்தார். இன்னொரு பெருமையும் பூநகரிக்கு உண்டு. மொட்டைக்கருப்பன் நெல்! மழையை மட்டும் நம்பி விதைக்கும் மானாவாரிப் பயிர். அந்தச் சிவப்பரிசி மாவில் பிட்டு அவித்தால் அதன் வாசமே தனி. வழியில் கிடைத்தால் இரண்டு கொத்தாவது வாங்கிக் கொள்ளுங்கள். பேறுகாலப் பெண்களுக்குக் கஞ்சி வைக்கவும் நல்லது என்று எங்கள் மாமி சொல்வார்.

யானை போன வழி

பூநகரிக்குக் கிழக்கே ஆனையிறவு. அங்கேயும் ஒல்லாந்தர் ஒரு சிறிய அரணை வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத் தீபகற்பத்தை வன்னியோடு பிரிக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பின் ஓரமாகக் காவல் அரண்கள் வரிசையாக இருந்தன. எதற்காக இத்தனை காவல்? மனிதருக்காக மட்டுமல்ல, யானைக்காகவும்தான்.

வன்னியை ஆண்ட வன்னியத் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. காட்டில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த நீரில் இறக்கி அக்கரை சேர்த்து, யாழ்ப்பாணத்தில் விற்றார்கள். இந்தியாவின் கோல்கொண்டாப் பக்கத்திலிருந்து வணிகர்கள் வந்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஆனையிறவு என்ற பெயர் பாடப்புத்தகத்தில் போராக மட்டும் வருகிறது. 1991இல் பெரும் சண்டை, 2000 ஏப்ரலில் புலிகள் கைக்கு, 2009 ஜனவரியில் இராணுவத்தின் கைக்கு. அந்தப் பெயருக்குள் யானை நடந்த சத்தம் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த யானைகளைப் பிடித்தவர்கள் யார்? இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார வேண்டும். யானை பிடிப்பதில் தேர்ந்தவர்களுக்குப் பணிக்கர் என்று பெயர். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், இவர்கள் நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார். மான்தோல் கயிற்றைக் கையில் எடுத்துக் கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் போய் யானையின் காலில் சுருக்குப் போடும் துணிச்சல் அவர்களுடையது. ஏறாவூர்ப் பணிக்கர்மாரின் பெயர் கிழக்கில் இன்றும் பேசப்படுகிறது. வன்னிக் காட்டுக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

முல்லைத்தீவிலும் ஒரு கோட்டை இருந்தது. 1803இல் பண்டாரவன்னியன் அதைத் தாக்கி ஆங்கிலேயரைத் துரத்தினான் என்பது வன்னி மக்கள் பெருமையோடு சொல்லும் வரலாறு. அந்த மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று முஸ்லிம் கிராமங்கள் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரியிலிருந்து மன்னார் போகும் வீதியில் நாச்சிக்குடா. கடலை நம்பி வாழும் ஊர். 1990 ஒக்டோபரில் இந்த ஊர்கள் எல்லாம் வெறுமையாக்கப்பட்டன. திரும்பி வந்த குடும்பங்கள் காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டிலில் ஆரம்பித்தார்கள். தாத்தா வெளிக்கிடும்போது ஒரு குடும்பம். பேரன் திரும்பும்போது ஏழு குடும்பம். காணியோ அதே அரை ஏக்கர்! புதிதாகக் காணி கேட்டால் வன இலாகா ஒரு பக்கம், எதிர்ப்பு இன்னொரு பக்கம். வந்தவர்கள் ஏன் புத்தளத்துக்கே திரும்பினார்கள் என்று குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பாலத்தைத் தாண்டி

பூநகரியிலிருந்து வடக்கே சற்றுப் போனால் சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. 288 மீற்றர் நீளம். அதற்கு முன் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவில் "பாதை" ஓடியது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர். பாலத்தில் வாகனம் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர், கொக்கு, நாரை. மாமி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "இந்தக் காத்துதான் மகள், எங்கட ஊர்க் காத்து" என்றார். அதற்குப் பிறகு நாவற்குழி வரை அவர் வாய் திறக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் மட்டும் கொக்கை எண்ணிக் கொண்டு வந்தார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவுடன் பூநகரிக் கோட்டை ஒரு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே நாற்கோணத்தில் ஒரு கோட்டை கட்டினார்கள். 1658இல் சில மாத முற்றுகைக்குப் பின் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். உட்கோட்டை 1680 அளவில் முடிந்தது. அகழிக்கு வெளியே உள்ள அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டில், 1795இல், பெரிய சண்டையேதும் இல்லாமல் ஆங்கிலேயரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூறு ஆண்டுக்கு மேல் பாடுபட்டுக் கட்டிய மதில்! உள்ளே 1706இல் கட்டிய அழகான தேவாலயம் ஒன்று இருந்தது. 1990 சண்டையில் அது அழிந்தது. போருக்குப் பின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் மதில்கள் ஓரளவு திருத்தப்பட்டுள்ளன. மாலையில் மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறு பக்கம் நகரம். 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட நூலகம் கூப்பிடு தூரத்தில்.

ஜப்பானியக் கோட்டையடி நகரத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே அமைப்பை இங்கே காணலாம். கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தரின் சந்ததியார் வாழ்ந்த பறங்கித்தெரு. அப்பால் செட்டித்தெரு, தட்டாதெரு, நகைக்கடைகளின் கன்னாதிட்டி, வண்ணார்பண்ணை. அந்த வரிசையில் நம் சோனகர் தெரு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஜப்பானில் கோட்டைக்குள் இருந்தவன் அந்த நாட்டுக்காரன். இங்கே கோட்டைக்குள் இருந்தவன் கடல் கடந்து வந்தவன்; மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் ஊர்க்காரர்கள். சொந்த அரசின் தலைநகரமான நல்லூரோ, சில கட்டுமானச் சிதறல்களோடு நிற்கிறது.

சோனகர் எப்போது வந்தார்கள்? முன்னர் உசன், மிருசுவில் பக்கம் வாழ்ந்து, பிறகு நல்லூரை அண்டி இருந்து, கடைசியில் இன்றைய சோனகர் தெருப் பகுதிக்கு நகர்ந்தார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் செவிவழி வரலாறு. எழுத்தில் உள்ள சாட்சி இன்னும் சுவையானது. 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதி வைத்திருக்கிறார். சந்தித்த இடம் பத்தாலா என்கிறார். அது நம் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மரச் சுவரும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊர் என்று வர்ணிக்கிறார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாம்! முத்துக்களைக் காட்டி, இதைவிடப் பெரிய முத்தை வேறெங்கும் கண்டீரா என்று கேட்டாராம். ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்ட விருந்தாளிக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார். யாழ்ப்பாண மன்னன் ஒரு முஸ்லிம் பயணியைப் புத்தளத்தில் வரவேற்றான். 646 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாண முஸ்லிம்களையும் அதே புத்தளம்தான் வரவேற்றது.

இரண்டு வெளியேற்றங்கள்

போர்த்துக்கேயர் முஸ்லிம்களைப் போட்டிக்காரராகவும் மார்க்க விரோதிகளாகவும் பார்த்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் நின்றவர்களைக் கண்டி மன்னன் செனரத் அழைத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கிழக்கில் நெல் விளைவிக்கும் நம் சகோதரர்கள் பலரின் முன்னோர் அப்படிப் போனவர்கள்தான்.

இரண்டாவது வெளியேற்றத்தைப் பாடப்புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஜூனில் தொடங்கிய கோட்டை முற்றுகை செப்டெம்பர் 26இல் முடிந்தது. இராணுவம் கோட்டையை விட்டுப் போனது. முற்றுகை நடந்த மாதங்களில் கோட்டையைச் சுற்றிய தெருக்கள் எல்லாம் குண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் தவித்தன. தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு ஷெல்லுக்கு இல்லை. கோட்டை விழுந்து ஒரு மாதம் சென்று, ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகர் தெரு மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போனவர்களிடம் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று சொன்னார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, சாவகச்சேரி என்று மற்ற இடங்களிலும் அதே ஒக்டோபரில் இதே கதி. மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். வெளியேற்றம் பற்றி ஆராய்ந்த குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று 2011இல் அறிக்கை வெளியிட்டது. வெளியேற்றப்பட்டவர்களின் வாக்குமூலங்களில் அடிக்கடி வருவது, பெண்களின் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள் என்ற செய்தி. மன்னார்த் தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். அங்கேயும் ஓர் ஒல்லாந்தக் கோட்டை! கோட்டை நிழலிலிருந்து புறப்பட்டு இன்னொரு கோட்டை நிழலில் ஓலைக் கொட்டில் போட்டார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்துவிட்ட நன்றியை எந்தக் காலத்திலும் மறக்க முடியாது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாளில் வழியனுப்ப வந்து அழுத தமிழ் அயலவர்களைப் பற்றி நம் உம்மாமார் இன்றும் பேசுகிறார்கள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தோம், ஆட்டை யார் வீட்டில் கட்டினோம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபரின் அதே 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களும் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு நடந்தார்கள். அதைச் சொல்லி நம் மீது நடந்த அநியாயத்தைச் சமப்படுத்தப் பார்ப்பவர்களும் உண்டு, அதில் மகிழ்ந்தவர்களும் உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

காலையில் வெயிலேறுமுன் பூநகரியில் இருக்கும்படி புறப்படுங்கள். குடிதண்ணீரை நிறைய எடுத்துச் செல்லுங்கள். கோட்டைப் பக்கத்தில் பெண்களுக்கான வசதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கிளிநொச்சி நகரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக் கொள்வது நல்லது. நகரத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் பயணிகள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ அனுமதி இருப்பதால், யாழ்ப்பாணத்தில் இறங்கிய பிறகு ஆறுதலாகத் தொழலாம். இடிந்த சுவர்களில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். முருகைக்கல் காலைக் கிழிக்கும், பற்றைக்குள் பாம்பும் உண்டு. கல்லைப் பெயர்த்து ஞாபகார்த்தமாகக் கொண்டு வரும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். போரே மிச்சம் விட்ட கல்லை நாம் எடுக்கலாமா?

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் நிழல் குறைவு. மாலை நான்கு மணிக்குப் பிறகு போவது சுகம். 1990க்குப் பின் பல ஆண்டுகள் இது புலிகள் கையிலும் இராணுவத்தின் கையிலும் இருந்த இடம் என்பதால், பதாகைகளில் உள்ள வரலாற்றை மட்டும் வாசித்துவிட்டு வராமல், கூட்டிப் போகும் பெரியவர்களிடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். 2017 அளவில் கோட்டைக்குள் நடந்த அகழ்வில், போர்த்துக்கேயர் வருமுன்பே இங்கே வந்து சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கலவோடுகளும் கிடைத்தன. மதில் எழும்ப முன்பே இந்தக் கரை ஒரு வாணிபத் துறையாக இருந்திருக்கிறது.

கோட்டையைப் பார்த்த கையோடு சோனகர் தெருவுக்குப் போங்கள். ஒஸ்மானியாக் கல்லூரியிலும் கதீஜா பெண்கள் பாடசாலையிலும் மீண்டும் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. பெரிய முகைதீன் ஜும்ஆப் பள்ளியில் பாங்கு ஒலிக்கிறது. ஆனால் திரும்பிய குடும்பங்கள் முன்னிருந்தவற்றில் ஒரு பகுதிதான். கூரையில்லாத வீடுகளுக்குள் வேப்ப மரம் கூரைக்கு மேலாக வளர்ந்து நிற்கிறது. சிலர் விற்றுவிட்டார்கள். சிலர் உறுதியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாக்கைப் புத்தளத்தில் பதிவதா யாழ்ப்பாணத்தில் பதிவதா என்ற குழப்பத்தில், இரண்டு இடத்திலும் உதவி கிடைக்காமல் போனவர்கள் பலர். மகள்மாரைப் புத்தளத்தில் கட்டிக் கொடுத்துவிட்ட ஒரு தாய், கணவரோடு மட்டும் இங்கே வந்து இருக்க யோசிப்பது இயல்புதானே? பிள்ளைகளின் பாடசாலை, மருமகனின் தொழில், பேரப்பிள்ளை என்று எல்லாம் அங்கே வேர் விட்டிருக்கிறது. திரும்புவது பற்றிய கூட்டங்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முடிவு எடுக்கப்படுவது அடுப்படியில் என்பதை அந்தக் கூட்டங்களை நடத்துகிறவர்கள் இன்னும் விளங்கிக் கொள்ளவில்லை.

மாமி தன் வாப்பாவின் வளவைத் தேடிக் கண்டுபிடித்தார். வீடு இல்லை. கிணறு இருந்தது, கட்டு உடைந்து. அடுத்த வளவுக்காரர், ஒரு வயதான தமிழ் அம்மா, வாளியும் கயிறும் கொண்டு வந்து தந்தார். "இறைச்சுக் குடியுங்கோ, நல்ல தண்ணிதான். நாங்கள் இவ்வளவு காலமும் இதிலதான் அள்ளினனாங்கள்" என்றார். மாமி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, போத்தலில் அடைத்துக் கொண்டார். மகன் வளவின் நான்கு மூலையையும் கால் அளவால் அளந்து, காகிதத்தில் எழுதிக் கொண்டான். உறுதியில் உள்ள அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டுமாம்.